காது கேளாதவருக்கு உதவி நாய்: கிருஷ்ணகிரியில் சில வருட அனுபவம்

எனக்கு இரண்டு காதும் கேட்காது. கருவி போட்டால் வலது காதில் பேச்சுச் சத்தம் லேசாகத் தெரியும், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மணி எங்கள் வீட்டு நாய், நாட்டு ரகம், பெண். குக்கர் விசில், கேட் தாழ்ப்பாள், மகனின் அழுகை, பின்னால் வரும் வண்டியின் ஹாரன், இதையெல்லாம் எனக்குத் தெரியப்படுத்துவது அவள் வேலை. சில வருடங்களாகச் செய்கிறாள். பார்க்கிறவர்கள், அதிலும் மாற்றுத்திறனாளி நண்பர்கள், "இதுக்கு லைசென்ஸ் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

உதவி நாய்க்கென்று தனி லைசென்ஸ் நம் நாட்டில் கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. உதவி நாயைப் பதிவு செய்வது பற்றி அதில் எதுவும் இல்லை. உள்ளாட்சியில் வாங்கும் உரிமம் செல்லப்பிராணிக்கானது. மணி என்ன வேலை செய்கிறாள் என்று அந்தத் தாளில் இருக்காது. அதனால் "சர்வீஸ் டாக் சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம், அடையாள அட்டையும் ஜாக்கெட்டும் சேர்த்து" என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே இப்படி ஆன்லைனில் விற்கும் பதிவுச் சான்றுகளால் எந்த உரிமையும் வராது என்று அந்த நாட்டு நீதித்துறை அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கே 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, கடைக்காரரோ ஓட்டல்காரரோ இரண்டு கேள்விதான் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள். சான்றிதழைக் காட்டு என்று கேட்க முடியாது. நமக்கும் அப்படி ஒரு தெளிவான விதி வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சரி, விதி வரும்வரை என்ன செய்வது? நான் ஒரு பிளாஸ்டிக் கவரில் மூன்று தாள்களை எப்போதும் வைத்திருக்கிறேன். முதலாவது என்னுடைய யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை. உண்மையில் கதவைத் திறப்பது இதுதான். உரிமை நாய்க்கு இல்லை, எனக்கு இருக்கிறது; நாய் எனக்குத் தேவையான உதவி. பேச்சை அங்கிருந்து தொடங்கினால் எதிரில் இருப்பவர் பொறுமையாகக் கேட்கிறார். அட்டை இல்லாதவர்கள் ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் காது பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். பழைய ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனைத் தாள்) இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது, கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட தடுப்பூசிப் புத்தகம். ரேபிஸ் ஊசியை மூன்று மாதக் குட்டியில் தொடங்கி வருடா வருடம் போட வேண்டும். ஜூலை 6-ஆம் தேதி விலங்குகளிடமிருந்து பரவும் நோய்கள் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவார்கள், விசாரித்து வையுங்கள். மூன்றாவது, உள்ளாட்சி உரிமம். தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, நாயின் போட்டோ, இவைதான் பொதுவாகக் கேட்பது. சென்னையில் இதை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் நான் ஊசித் தேதியையும் அதையும் ஒரே மாதத்தில் வைத்துக்கொண்டேன். தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் போட்டாயிற்று. அரிசி அளவுதான் இருக்கும், அதில் 15 இலக்க எண். காணாமல் போனால் அடையாளம் சொல்ல உதவும்.

இந்தத் தாள்களைவிட அதிகமாகப் பயன்பட்டது ஒரு சின்ன அட்டை. "எனக்குக் காது கேட்காது. சத்தம் வந்தால் இந்த நாய் என்னைத் தொட்டுச் சொல்லும். ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறது" என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்தது. பின்பக்கம் அதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி வாங்கிக்கொண்டேன். ஓசூர் பக்கம் போனால் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் காட்டுகிறேன்.

ஒரு ஸ்கேன் மையத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "நாய உள்ள விட முடியாதுங்க அக்கா" என்று காவலாளி சொன்னது உதட்டசைவில் புரிந்தது. நான் அட்டையைக் காட்டி, டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்று எழுதிக் கொடுத்தேன். உள்ளே கேட்டுவிட்டு வந்தவர், வராந்தாவில் நாயோடு உட்காரச் சொன்னார். முறை வந்ததும் ஒரு செவிலியர் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். அந்த இடத்தில் அது போதுமானதாக இருந்தது. ஸ்கேன் அறைக்குள் நாய் வர வேண்டும் என்று நானும் கேட்க மாட்டேன். ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் எல்லாரிடமும் எழுதிக் காட்ட அட்டை இருக்காது, அதுதான் வருத்தம்.

மணி என்ன செய்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். குக்கர் முதல் விசில் அடித்ததும் எழுந்து வந்து மூக்கால் என் முழங்காலை ஒரு தட்டு. நான் மிஷினை நிறுத்தி அவளைப் பார்க்கும்வரை நகர மாட்டாள். பார்த்ததும் திரும்பி அடுப்படிக்கு நடப்பாள், நான் பின்னால் வருகிறேனா என்று கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தபடி. கேட் என்றால் வாசலுக்குக் கூட்டிப் போவாள். பழக்கியது நாங்களே: கணவர் சத்தம் எழுப்புவார், அவள் என்னைத் தொட்டால் என் கையில் கருவாட்டுத் துண்டு. முதலில் ஒரே அறை, அப்புறம் அடுத்த அறை, அப்புறம் வாசல். ஒரு சத்தம் நன்றாகப் பதிந்த பிறகுதான் அடுத்தது. லேப்ரடார்தான் வேண்டும் என்றில்லை. பயந்து குரைக்காத, மனிதர்களோடு ஒட்டும் குணமுள்ள நாயாக இருந்தால் போதும் என்பது என் அனுபவம்.

குறைகள் உண்டு. தீபாவளி வாரத்தில் அவளை நம்பி இருக்க முடியாது. வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். தெரு நாய்கள் சூழ்ந்தால் அவள் கவனம் முழுக்க அங்கேதான், ஹாரனைச் சொல்ல மாட்டாள். சித்திரை வெயிலில் நம் ஊர்த் தார் ரோடு அவள் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைத் தாரில் வைத்துப் பார்த்து, சூடு தாங்கவில்லை என்றால் நான் கிளம்புவதில்லை. உண்ணிக் காய்ச்சல் ஒரு முறை அவளைப் படுக்க வைத்துவிட்டது. அதிலிருந்து காதுமடல், விரலிடுக்கு எல்லாம் தினமும் தடவிப் பார்க்கிறேன்.

பயணம்தான் பெரிய தலைவலி. கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே கிடையாது, தருமபுரிக்கோ ஓசூருக்கோ போக வேண்டும். போனாலும், நாயை நம்மோடு வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவள் ரயில் கார்டு (guard) இருக்கும் பெட்டியில். என்னைப் போன்றவர்களுக்கு முதல் வகுப்பு எங்கே கட்டுப்படியாகும்? பஸ்ஸில் ஏறலாமா என்பது கண்டக்டரைப் பொறுத்தது. அதனால் தூரப் பயணங்களில் மணி வீட்டில் இருக்கிறாள், நான் துணைக்கு ஆளோடு போகிறேன்.

வாடகை வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டில் வரக் கூடாது என்றும் சொல்லக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை அச்செடுத்துக் கவரில் நான்காவது தாளாக வைத்துக்கொள்ளலாம். வெளியில் எங்காவது மறுத்தால் சண்டை போடாமல், இடம், தேதி, சொன்ன காரணம் மூன்றையும் எழுதி வையுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து, ரசீது எண்ணை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.