இரட்டைப் பிடி நாய்வார்: கம்பம், குமுளி வீதிகளுக்குத் தாங்குமா?

கம்பத்தில் நாயோடு தெருவில் இறங்கினால் முதல் கேள்வி "கடிக்குமா?" மலையேறிக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போனால் அதுவே மலையாளத்தில் "கடிக்குமோ?" ஆகிவிடும். "கடிக்காது" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு கை நாயின் தலைக்கு மேலே வந்து நிற்கும். "எந்த நாயும் என்னை ஒண்ணும் பண்ணாது" என்று குனிந்து மூஞ்சியை நீட்டுகிறவரும் தெருவுக்கு ஒருவர் உண்டு. தெரியாத கை மேலிருந்து இறங்கினால் சாதுவான நாய்கூட மிரளும். அந்த ஒரு நொடியில் எப்படி உதவுகிறது என்பதை வைத்துத்தான் ஒரு வாரை எடைபோட வேண்டும்.

இரட்டைப் பிடி வார் ஆறடி நீளம், ஓரங்குல அகலமுள்ள நைலான் பட்டை. மேல் நுனியில் ஒரு பிடி. கொக்கிக்கு ஓரடி மேலே இன்னொன்று. சும்மா நடக்கும்போது மேல் பிடி போதும். ஆள் நெருங்கினால் கையைக் கீழ்ப் பிடிக்கு இறக்கி, நாயை உங்கள் மறுபக்கம் கொண்டுவந்து, நடுவில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பிடித்ததும் விறைப்பாக மேலே இழுக்கிறார்கள். கழுத்து இறுகினால் நாய் பதறும், குரைப்பு இன்னும் கூடும். கையைத் தாழ்த்தி, வாரில் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

பதிலையும் மாற்றிக்கொள்ளுங்கள். "கடிக்காது" என்றால் தொட அனுமதி கொடுத்தது மாதிரி. "தொடாதீங்க, பழக்கிக்கிட்டு இருக்கோம்" என்றால் பெரும்பாலும் நின்றுவிடுவார்கள். குமுளிப் பக்கம் "தொடல்லே" போதும்.

பட்டனை அழுத்தினால் நிற்கும், விட்டால் நீளும் டப்பா வார் சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வேண்டவே வேண்டாம். ஐந்து மீட்டர் வரை ஓடும் மெல்லிய கயிறு எதிரே வருகிறவர் கண்ணில் படாது. குழந்தையின் காலில் சுற்றினால் தோலை வழித்துவிடும். டப்பா கைநழுவினால் தரையில் தடதடவென்று நாயின் பின்னாலேயே ஓடிவரும். அந்தச் சத்தத்துக்கே நாய் மிரண்டு ஓடும். ஆளில்லாத மைதானத்துக்கு மட்டும் சரி.

கீழ்ப் பிடியின் பெரிய பலன் சாப்பாட்டு விஷயத்தில்: நீட்டிய கையிலிருந்து நாயைச் சட்டென்று விலக்கிவிடலாம். அன்பாக நீட்டுகிறவர்களைத் தடுப்பதுதான் இங்கே கஷ்டம். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சையை ஆசையாக நீட்டுவார்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எத்தனை பழத்தில் கெடுக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. குமுளிக் கடைகளின் சாக்லேட்டும் நாய்க்கு விஷம்தான். அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் கழிக்கும். தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

குறைகளும் உண்டு. கீழ்ப் பிடி பட்டையோடு சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி தையல் இருக்கிறதா பாருங்கள். ஒற்றை வரித் தையல் நாய் பாயும்போது பிரிந்துவிடும். பிடிக்குள் வைத்த ஸ்பஞ்ச் சாரல் காலத்தில் தண்ணீர் குடித்து நாறும், வெயிலில் நன்றாகக் காய வேண்டும். கொக்கியின் ஸ்பிரிங்கில் மண் சேர்ந்தால் பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளும், வாரம் ஒருமுறை கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தொங்கும் கீழ்ப் பிடி நிறுத்திவைத்த பைக்கின் ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டும், ஒட்டி நடக்காதீர்கள்.

தோள் உயரம் இருபது அங்குலத்துக்கு மேலுள்ள நாய்க்குக் கீழ்ப் பிடி நம் இடுப்பருகே வரும். டாஷ்ஹவுண்ட் மாதிரி குட்டைக்கால் நாய்க்குக் குனிந்து குனிந்து முதுகுதான் வலிக்கும், அந்த நாய் வைத்திருப்பவர்கள் சாதாரண வாரே வாங்கலாம். சிப்பிப்பாறை போன்ற ஒடுங்கிய தலை நாய் பின்னால் இழுத்தால் சாதாரணக் கழுத்துப் பட்டை தலை வழியாகவே கழன்றுவிடும். அதற்கு இழுக்கும்போது மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையைச் சேர்த்து வாங்குங்கள். மாட்டியதும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: முழுதாக இறுகிய பிறகும் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், தலை வெளியே வரக்கூடாது.