ஒரே ஏஜெண்டா, பல ஏஜெண்டா, நேரடி விற்பனையா? டர்பனில் வீடு விற்போருக்கு

சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ டோங்காட்டிலோ வீட்டை விற்க நினைப்பவருக்கு மூன்று வழி உண்டு. ஒரு ஏஜெண்டுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் சோல் மாண்டேட். நாலைந்து பேரிடம் ஒரே நேரத்தில் சொல்லி வைக்கும் ஓபன் மாண்டேட். ஏஜெண்டே வேண்டாமென்று, சொத்தைப் பெயர் மாற்றிப் பதிவு செய்யும் வழக்கறிஞரான கன்வேயன்சரை வைத்து நேரடியாக விற்பது. ஏமாற்றுக்காரர் மூன்றிலும் நுழைவார், நுழையும் வாசல்தான் வேறு.

எந்த வழியானாலும் முதலில் கேட்க வேண்டியது, ஏஜெண்ட் தொழில் செய்ய அவசியமான ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ். 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கும் பிராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் சட்டப்படி, செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாதவருக்குக் கமிஷன் கேட்கும் உரிமையே கிடையாது. ஏஜெண்டுக்கு ஒன்று, அவருடைய நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் ஒழுங்குமுறை ஆணையமான பிபிஆர்ஏவின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். விசிட்டிங் கார்டில் பெரிய கம்பெனியின் பெயர் அச்சாகியிருப்பதை மட்டும் நம்பி மாண்டேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சோல் மாண்டேட்டின் பலம், ஏஜெண்ட் தன் கைக்காசைப் போட்டு விளம்பரம் செய்வார் என்பது. வேறு யாரும் விற்றுவிட முடியாது என்ற தைரியம் அவருக்கு இருக்கும். அதே தைரியம்தான் ஏமாற்றுக்கும் இடம் தருகிறது. மிகப் பரவலான தந்திரம், விலையை ஏற்றிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது. 12 லட்சம் ராண்ட் பெறும் வீட்டுக்கு 14.5 லட்சம் கிடைக்கும் என்பார். மற்ற ஏஜெண்டுகள் சொன்ன நியாயமான விலை உங்களுக்குக் குறைவாகத் தெரியும், இவருக்கே எழுதிக் கொடுப்பீர்கள். இரண்டு மாதம் யாரும் வரமாட்டார்கள். பிறகு "சந்தை சரியில்லை" என்று வாராவாரம் விலையை இறக்கச் சொல்வார். அதற்குள் விளம்பரத்தில் நாள்பட்டுக் கிடந்த வீட்டை வாங்க வருபவர் 11 லட்சத்துக்குக் கேட்பார்.

இதற்கு மருந்து, கேட்கும் விலைகளை விட்டுவிட்டு, பதிவான விலைகளைப் பார்ப்பது. அதே தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் கடந்த ஆறு மாதத்தில் டீட்ஸ் ஆபிசில் பதிவான விற்பனைகளின் பட்டியலை ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அவருடைய மதிப்பீட்டையும் மறந்துவிடுங்கள்.

இரண்டாவது தந்திரம், வந்த ஆஃபரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது. தனக்கு வேண்டியவர் வாங்கட்டும் என்று நல்ல ஆஃபரைக் காட்டாமல் இருப்பார். எனவே, எழுத்தில் வரும் ஒவ்வொரு ஆஃபரும் 24 மணி நேரத்தில் உங்களுக்கு வர வேண்டும், ஏஜெண்டின் உறவினரோ கூட்டாளியோ வாங்குவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற இரண்டு வரிகளை மாண்டேட்டில் சேர்த்துவிடுங்கள். காலம் 60 நாள் போதும். முடியும் தேதி எழுதியிருக்க வேண்டும், தானாகப் புதுப்பிக்கும் வரி இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் இனிஷியல் போடுங்கள். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினாலும் வழி உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி 20 வேலை நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து விலகலாம். ஏஜெண்ட் நியாயமான ரத்துத் தொகை கேட்கலாம், முழுக் கமிஷன் கேட்க முடியாது.

ஓபன் மாண்டேட் கேட்க நன்றாக இருக்கும். போட்டி இருந்தால் விலை ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பில் ஏஜெண்டுகளின் போட்டி உங்கள் விலையைக் குறைப்பதில் போய் முடிகிறது. யார் முதலில் விற்கிறாரோ அவருக்கே கமிஷன் என்பதால், ஒவ்வொருவரும் வாங்குபவரிடம் "உரிமையாளர் அவசரத்தில் இருக்கிறார், குறைத்துக் கேளுங்கள்" என்று கிசுகிசுப்பார். ஒரே வீடு நாலு விளம்பரத்தில் நாலு விலையோடு நிற்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து இரட்டைக் கமிஷன். ஏஜெண்ட் ஒருவர் அழைத்து வந்து காட்டிய ஆளே, பின்னர் வேறு ஏஜெண்ட் மூலம் கையெழுத்திட்டால் இருவருமே கேட்க வரலாம். விற்பனைக்கு உண்மையான காரணமாக இருந்தது யார் என்பதை வைத்தே நீதிமன்றம் பார்க்கும், அது முன்கூட்டிச் சொல்ல முடியாத கேள்வி. கணக்கைப் பாருங்கள்: 12 லட்சம் ராண்டுக்கு 6 சதவீதம் 72,000. அதன் மேல் 15 சதவீத வாட் 10,800. மொத்தம் 82,800. இருமுறை கட்டினால் 1,65,600. யார், எந்த ஏஜெண்டோடு, எந்தத் தேதியில் வீட்டைப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது மட்டுமே தற்காப்பு. கமிஷன் விகிதத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை என்பதால், 5 முதல் 7.5 வரை என்ன கேட்டாலும் பேரம் பேசலாம். கமிஷன், வீடு வாங்குபவர் பெயருக்கு மாறும் டிரான்ஸ்பர் பதிவாகும் நாளில்தான் என்று எழுதுங்கள். வாங்குபவருக்கு பாண்ட், அதாவது வங்கியின் வீட்டுக் கடன், கிடைத்த நாளிலேயே கமிஷன் என்றிருந்தால், விற்பனை பின்னர் முறிந்தாலும் ஏஜெண்ட் கை நீட்டுவார்.

நேரடி விற்பனையில் அந்த 82,800 மிச்சம். ஆனால் ஏஜெண்டின் வேலை உங்கள் தலையில் விழும். வாங்குபவருக்கு வங்கி கடன் தருமா என்று முன் அனுமதிக் கடிதம் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும், அதைக் கன்வேயன்சர் எழுதட்டும். மின்சாரச் சான்றிதழ் கட்டாயம். நம் கரையோரத்தில், மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்னும் பீட்டில் சான்றிதழ் கேட்பது வழக்கம். உங்கள் பாண்டை மூடப்போவதை வங்கிக்கு 90 நாள் முன்பே சொல்லாவிட்டால் அபராத வட்டி வரும். வாங்குபவர் அண்டை வீட்டாராகவோ சொந்தமாகவோ இருந்தால் இந்த வழியே சிறந்தது. முன்பின் தெரியாதவருக்கு விற்பதானால் 60 நாள் சோல் மாண்டேட்டே மேல். ஓபன் மாண்டேட்டை யாருக்கும் சிபாரிசு செய்யத் தோன்றவில்லை.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை வேறு. ஏஜெண்ட் நீட்டும் 'ஆஃபர்' வெறும் விருப்பக் கடிதம் என்று நினைக்காதீர்கள். விற்பவர் கையெழுத்திட்ட நிமிடம் அது விற்பனை ஒப்பந்தம். ஐந்து நாளில் மனம் மாறும் உரிமை 2,50,000 ராண்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும்தான். குறைகளைச் சொல்லும் படிவத்தை விற்பவர் நிரப்பிக் கையெழுத்திட்டுத் தராமல் ஏஜெண்ட் மாண்டேட்டே ஏற்கக் கூடாது, எனவே அதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் கட்டி வாடகைக்கு விட்ட அவுட்பில்டிங்குக்கு எத்தெக்வினி மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தலைவலி வீட்டோடு உங்களுக்கு வரும்.

அப்பா பெயரிலேயே பத்திரம் கிடக்கும் வீடுகள் நம்மவரிடையே நிறைய. அப்பா காலமாகிவிட்டார், சாவி மூத்த அண்ணனிடம் இருக்கிறது, ஏஜெண்ட் அவரிடமே மாண்டேட் வாங்கிவிடுவார். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க உயர்நீதிமன்ற அதிகாரியான மாஸ்டர் நியமித்த எக்சிக்யூட்டர்தான் விற்க முடியும். அந்த நியமனக் கடிதத்தைப் பார்க்காமல் ஒரு ராண்டும் கொடுக்க வேண்டாம்.

டெபாசிட்டை ஏஜெண்டின் கணக்கில் போடாமல் கன்வேயன்சர் பிறர் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்கில் போடுங்கள். வட்டி உங்களுக்கே சேர வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். பணம் அனுப்பும் முன், மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை, அதே மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சரிபார்க்காதீர்கள், இரண்டுமே திருடனுடையதாக இருக்கலாம். வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கணக்கு எண்ணை எழுதி வாங்குங்கள். மோசடி மின்னஞ்சலை நம்பி 55 லட்சம் ராண்டைத் தவறான கணக்குக்கு அனுப்பிய வீடு வாங்கிய ஒருவர், வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 2024இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நட்டம் முழுவதும் பணம் அனுப்பியவருக்கே.