பைலட் லைசன்ஸ் என்று பணம் கேட்டால் விமானம் எங்கே என்று கேளுங்கள்

ஹட்டன் டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் பைலட் பயிற்சி என்று போர்டு மாட்டி, என் தம்பியிடம் மூன்றரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருநாள் பூட்டிவிட்டுப் போனவர்கள், இப்போது பண்டாரவளைப் பக்கம் வேறு பெயரில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அங்கே பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். எங்களிடமிருந்து போனது அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த ஈ.பி.எஃப். பணம்.

தனியார் விமானி லைசன்ஸுக்கு வேண்டிய 40 மணித்தியாலப் பறப்பில் முக்கால்வாசியை ஹட்டனிலேயே கம்ப்யூட்டரில் முடித்துவிடலாம், மிச்சத்துக்குக் கொழும்புப் பக்கம் இரத்மலானை விமான நிலையத்துக்குப் போனால் போதும் என்றார்கள். கூடவே பழைய காலத்து விமானம் ஓட்டவும் பழக்குவார்களாம். "அரசாங்க அனுமதி இருக்கா சேர்?" என்று அப்பா கேட்டார். சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். அது பிரதேச செயலகத்தில் எடுக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவு. மளிகைக் கடைக்கும் சலூனுக்கும் கொடுப்பது அதைத்தான். விமானம் ஓட்டப் பழக்குவதற்கு இலங்கை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அந்தக் காகிதத்தை அவர்கள் கடைசிவரை காட்டவில்லை.

மணித்தியாலக் கணக்கும் பொய். சர்வதேச விதிப்படி அந்த 40 மணித்தியாலத்தில், தரையிலேயே விமானம் ஓட்டுவதுபோலப் பழக்கும் சிமியுலேட்டர் என்ற பயிற்சிக் கருவியில் செலவழித்ததாக அதிகபட்சம் 5 மணித்தியாலம்தான் சேர்த்துக்கொள்ள முடியும். அதுவும் அங்கீகாரம் பெற்ற கருவியாக இருக்க வேண்டும். குறைந்தது 10 மணித்தியாலம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு பயணம் 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமானத் தளங்களில் இறங்கிப் போனதாக இருக்க வேண்டும். கடையறையில் உட்கார்ந்து எதைப் பறப்பது?

பழைய விமானம் என்று சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் தம்பி அதற்கு ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தான். நோட்டீஸில் ஒரு சிப்மங்க் படம். 1951இல் நம் நாட்டு விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்த விமானம் அது. பிறகு பார்த்தால், இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்திருக்கும் அதே விமானம், அதே இலக்கம். யாரோ போய்ப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த வகை விமானத்துக்கு மூன்றாவது சக்கரம் வாலடியில் இருக்கும். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுவதால், இறங்கி ஓடும்போது மூக்கு லேசாகத் திரும்பினாலும் வால் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரப் பார்க்கும். அதைக் காலால்தான் அடக்க வேண்டும். சக்கரம் நிற்கும்வரை பெடலில் கால் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். இவர்கள் வைத்திருந்ததோ மேசையில் ஒரு டிவி, வீடியோ கேம் கடையில் விற்கும் ஒரு ஜாய்ஸ்டிக். "அக்கா, மேசைக்குக் கீழே காலுக்கு ஒண்ணுமே இல்ல" என்று தம்பி வந்து சொன்னான். அவன் கேட்டதற்கு, "அது அடுத்த கட்டம்" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பறந்த மணித்தியாலங்களைக் குறித்துவைக்கும் அவனுடைய லொக் புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. விமானத்தின் பதிவெண் எழுத வேண்டிய இடத்தில் வரிக்கு வரி "சிம்", அதாவது சிமியுலேட்டர், என்று போட்டிருக்கிறார்கள். இலங்கையில் பதிவான விமானம் என்றால் அந்த எண் 4ஆர் என்று தொடங்க வேண்டும். பயிற்றுநரின் லைசன்ஸ் இலக்கம் எங்கேயும் இல்லை, வெறும் கிறுக்கல் கையெழுத்து.

இன்னொன்று, லைசன்ஸ் கையில் வந்ததும் விமானக் கம்பனியில் வேலை என்றும் ஆசை காட்டுவார்கள். தனியார் விமானி லைசன்ஸை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு விமானம் ஓட்டவே கூடாது. அதற்கு வணிக விமானி லைசன்ஸ் வேண்டும், அதன் செலவே வேறு.

உண்மையாகவே படிக்க நினைக்கும் பிள்ளைகள் ஆசையை விட வேண்டாம். முதலில் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சான்றிதழை எடுங்கள். கண்ணிலோ காதிலோ பிரச்சினை இருந்தால் பெரிய பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பயிற்சி நிலையத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று அதிகாரசபையிடமே கேளுங்கள். அப்புறம் விமானத்தை நேரில் பாருங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள், பறந்த மணித்தியாலத்துக்கு மட்டும் கொடுங்கள்.

நாங்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். தம்பியோடு படித்த இன்னும் சில பிள்ளைகளின் வீட்டாரும் சேர்ந்திருக்கிறார்கள். ஹட்டனில் இவர்களிடம் பணம் கட்டியவர்கள் ரசீதையும் லொக் புத்தகத்தையும் கொண்டுபோய் அங்கேயே முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். சிலரிடம் ரசீதே கொடுக்காமல் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பேங்கில் போட்டவர்கள் அந்தச் சீட்டைக் கொண்டு போனாலும் போதும்.