ஆர்.ஓ., ஆவி, ஆழ்கடல் குளிர்: கடல்நீரைக் குடிநீராக்க எந்த வழி?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பிரிக்கும் முறைகளில் எதைத் தேர்வது என்பது கரையோரம் சும்மா கிடைப்பது என்ன என்பதைப் பொறுத்தது.

மின்சாரம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆர்.ஓ.தான்: அழுத்தம் கொடுத்து நீரை மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வின் வழியே தள்ளி, உப்பைப் பின்னால் நிறுத்தும் முறை. சென்னையை ஒட்டிய மீஞ்சூரிலும் (2010) நெம்மேலியிலும் (2013) முதலில் எழுந்த நிலையங்கள் தலா நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. இரண்டும் இந்த வகை. கடல்நீரின் சவ்வூடு அழுத்தம், அதாவது நீர் சவ்வைத் தாண்ட மிஞ்ச வேண்டிய அழுத்தம், 27 பார் அளவுதான் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஆனால் நல்ல நீர் பிரியப் பிரிய மிச்ச நீரில் உப்பேறுவதால் 55 முதல் 70 பார் வரை தள்ள வேண்டியிருக்கிறது. 100 லிட்டர் உள்ளே போனால் 40, 45 லிட்டர் தேறும். வெளியேறும் உவர்நீரின் அழுத்தத்தை மீட்டெடுத்தால் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும்.

மெம்பிரேன் கெடுவது பெரும்பாலும் அதற்கு முந்தைய வடிகட்டலில் நடக்கும் தவறால்தான். வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கும்போது வண்டல் அடைப்புக் குறியீடு (நீரிலுள்ள துகள்கள் மெம்பிரேனை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எண்) எகிறும். அது 5-க்குள் இருந்தே ஆக வேண்டும். 3-க்குள் இருந்தால் நிம்மதி. 5 மைக்ரான் வடிகட்டி கார்ட்ரிட்ஜ்களை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற நேர்ந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. கிருமிக்காகப் போட்ட குளோரினை, மெம்பிரேனுக்கு முன்பே சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கொண்டு முறித்துவிட வேண்டும். கோளாறையும் பிரித்தறியலாம்: அடைப்பு என்றால் உள்ளே போகும் நீருக்கும் வெளியேறும் உவர்நீருக்கும் இடையே அழுத்த வித்தியாசம் கூடும், குளோரின் அரித்திருந்தால் நல்ல நீர் அதிகமாக வரும், கூடவே உப்பும் வரும். முன்னதைக் கழுவிச் சரிசெய்யலாம், பின்னதற்கு மெம்பிரேனை மாற்றுவதுதான் வழி.

அனல் அல்லது அணுமின் நிலையத்தின் ஆவி பக்கத்திலேயே கிடைத்தால், அதைக் கொண்டு கடல்நீரைச் சூடாக்கிப் பல கட்டங்களில் ஆவியாக்கிக் குளிரவைக்கும் பலகட்ட ஆவியாக்கத்தை யோசிக்கலாம். கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இந்த முறை, ஆர்.ஓ. இரண்டையும் ஒரே வளாகத்தில் அமைத்தது: ஆவி முறையில் நாளுக்கு 45 லட்சம் லிட்டர், ஆர்.ஓ.வில் 18 லட்சம். கலங்கல் நீரை ஆவி முறை ஆர்.ஓ. அளவுக்குப் பொருட்படுத்தாது, ஆனால் வெப்பம் 120 டிகிரியைத் தொட்டால் கால்சியம் சல்ஃபேட் குழாய்களில் கல்லாகப் படியும். சூடாக்கச் செலவாகும் ஒரு கிலோ ஆவிக்கு 8, 10 கிலோ நீர்தான் கிடைக்கும் என்பதால், இதற்கென்றே கொதிகலன் வைத்தால் கட்டுப்படியாகாது.

மூன்றாவது வழி தீவுகளுக்கானது. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் நிறுவிய நிலையம் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் தரக்கூடியது. 28 டிகிரி மேற்பரப்பு நீரை வெற்றிடக் கலத்தில் விட்டால் அதில் ஒரு பகுதி ஆவியாகும்; சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றிய குளிர்நீர் அந்த ஆவியைக் குளிர்விக்கும். மெம்பிரேன் இல்லை, ரசாயனமும் அநேகமாக இல்லை. ஆனால் உள்ளே விடும் நீரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் குடிநீராகும். கலத்தில் காற்று கசிந்தால் அது குழாய்களைப் போர்த்திக்கொண்டு ஆவி குளிர்வதைத் தடுத்துவிடும். பவளத் தீவைச் சுற்றிக் கடல் செங்குத்தாக இறங்குவதால்தான் அங்கே குட்டைக் குழாய் போதுமானதாக இருக்கிறது. சென்னையில் 2007-இல் இதையே சோதித்தபோது நிலையத்தைத் தாங்கிய மிதவையைக் கரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது.

எந்த வழியில் எடுத்தாலும் அந்த நீரை அப்படியே குழாயில் விடக்கூடாது. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பாவது இருக்கும். ஆவி நீரில் அதுவும் கிடையாது. கால்சியம் இல்லாத நீர் இரும்புக் குழாயையும் சிமென்ட் பூச்சையும் தின்றுவிடும். சுண்ணாம்புக்கல் படுகை வழியே ஓடவிட்ட பிறகுதான் அது தொட்டிக்குப் போகலாம்.