ஜிபிசியா, வெப்பநிலை ஏற்றமா? மதுரை வெயிலில் பாலிமர் பிரிக்கிறவன் கணக்கு

சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதியில் நின்றவருக்கு ஜிபிசி (ஜெல் பெர்மியேஷன் குரோமட்டோகிராஃபி, பாலிமரின் நீளச் சங்கிலி மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) பாதி புரிந்த மாதிரிதான். தேர் சந்துக்குள் நுழைய முடியாது, வீதியோடு வந்து நிலைக்குச் சேர்ந்துவிடும். கூட வரும் பொடிசுகள் சர்பத் கடை, பலூன்காரர், முட்டுச்சந்து என்று எல்லாவற்றிலும் புகுந்து புறப்பட்டு கடைசியாகத்தான் வரும். ஜிபிசி குழாயிலும் (ஆங்கிலத்தில் column; காலம் என்று எழுதினால் நேரம் என்று படிப்பீர்கள், அதனால் குழாய்) அதே கதை. குழாயில் அடைத்திருக்கும் மணிகளின் நுண்துளைகளுக்குள் சின்ன மூலக்கூறு நுழைந்து தாமதிக்கும், பெரியது முதலில் வெளியே வரும். 1964-ல் டவ் நிறுவனத்தின் ஜே.சி. மூர் கொண்டுவந்த முறை. தினசரி வேலைக்கு, என்ன பாலிமர் என்றே சரியாகத் தெரியாத சாம்பிளுக்கு, இன்றும் முதலில் இதைத்தான் ஓட்டுவேன்.

ஆனால் ஜிபிசி பார்ப்பது எடையை அல்ல, கரைசலில் மூலக்கூறு அடைத்துக்கொள்ளும் இடத்தை. சிக்கலே அங்கேதான். எங்கள் லேபில் ஜூனியர் ஒருத்தி நட்சத்திர பாலிஸ்டைரீன் (ஒரு மையத்தில் பல சங்கிலிகள் கைகளாக ஒட்டிய பாலிமர்) செய்துவிட்டு வந்து, "அண்ணே, ஒரே பீக், சுத்தமா வந்திருச்சு" என்று சந்தோஷமாகக் காட்டினாள். அந்தப் பீக்கின், அதாவது வரைபடத்தில் எழும் முகட்டின், இடது தோள் லேசாகச் சரிந்திருந்தது. மூன்று கையும் நான்கு கையும் கலந்திருந்தால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், உருவம் அந்த அளவுக்குப் பெருக்காது. அதனால் ஜிபிசியில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். போதாததற்கு குழாயே பீக்கைக் கொஞ்சம் அகலமாக்கிவிடும், குறுகலான சாம்பிள்கூடப் பரந்ததுபோலத் தெரியும்.

இதற்குத்தான் டிஜிஐசி (டெம்பரேச்சர் கிரேடியன்ட் இன்டராக்ஷன் குரோமட்டோகிராஃபி), அதாவது குழாயின் வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றிப் பிரிப்பது. 1990-களில் தென்கொரியாவின் போஹாங்கில் டைஹ்யுன் சாங் குழு வளர்த்தெடுத்தது. சங்கிலி நீளமானால் குழாயின் பரப்பில் ஒட்டும் இடங்கள் கூடும், பிடிப்பு மடங்குமடங்காக ஏறும். வெப்பநிலையை மாற்றாமல் விட்டால் சின்னது ஓடிவிடும், பெரியது வெளியே வரவே வராது. சூட்டை ஏற்ற ஏற்றப் பிடி தளர்ந்து, எடை வரிசையில் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். வரிசை ஜிபிசிக்கு நேர் எதிர், சின்னதுதான் முதலில். அந்த ஜூனியரின் சாம்பிளை இப்படி ஓட்டியபோது ஒட்டாத தனிக் கை, இரண்டு கை, மூன்று கை, நான்கு கை என்று தனித்தனியாக நான்கு பீக். அவள் முகம் விழுந்துவிட்டது, ஆனால் ஆய்வேட்டுக்கு அதுதான் நல்லது.

கரைப்பானின் கலவையை மாற்றியே இதைச் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், பிரிப்பும் நன்றாகவே இருக்கும். ஆனால் கலவை நகர்ந்தால் ஒளிவிலகல் டிடெக்டரின் பேஸ்லைன் (பீக் இல்லாதபோது தட்டையாக இருக்க வேண்டிய அடிக்கோடு) ஓடிப்போகும், ஒளிச்சிதறலில் எடை கணக்கிடுவதும் தலைவலி. டிஜிஐசியில் கரைப்பான் மாறாது, அதனால் இரண்டு டிடெக்டரையும் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்கே. பாலிஎத்திலீன் ஆட்களுக்கும் கிராஃபைட் குழாயில் உயர்வெப்ப வடிவம் ஒன்று 2011-ல் வந்தது. படிகமாக்கிப் பிரிக்கும் டிரெஃப் என்ற முறை, படிகமாகாத ரப்பர் மாதிரிச் சரக்கில் கையைவிரிக்கும், அங்கே இது உதவும்.

அப்புறம் நம்ம ஊர் பிரச்சினை. பாலிஸ்டைரீனுக்கு வழக்கமான ஏற்பாடு சி18 குழாய் (18 கார்பன் சங்கிலிகள் ஒட்டிய சிலிக்கா மணி அடைத்தது), கரைப்பானாக டைகுளோரோமீத்தேன் 57 பங்கு, அசிட்டோநைட்ரைல் 43 பங்கு. ஏற்றம் சுமார் 5 டிகிரியில் தொடங்கும். சாதாரண ஓவன் சூடுபடுத்தும், குளிரவைக்காது. குழாயைச் சுற்றி உறை போட்டு சில்லர் (குளிரூட்டும் எந்திரம்) தண்ணீர் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அது மறுபடி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனால் அன்றைய பிழைப்பு போச்சு. டைகுளோரோமீத்தேன் கொதிப்பதே 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே, நம்ம மே மாத மதியம் அதைத் தாண்டிவிடுகிறது. ஒருமுறை ஏசி நின்றுபோய், மூடி தளர்ந்த பாட்டிலிலிருந்து அது ஆவியாகி, கலவையில் அசிட்டோநைட்ரைல் கூடி, பீக் எல்லாம் தள்ளித் தள்ளி வந்தது. குழாய் கெட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் கழுவிக்கொண்டிருந்தோம்.

இப்போது கரைப்பானைக் காலையிலேயே கலந்து இறுக மூடிவிடுகிறோம், பகலில் ஜிபிசி, சில்லர் வேலை ராத்திரி எட்டு மணிக்கு மேல்.