கீழக்கரை அருகே மாட்டு நெஞ்சுக்கறிப் புகையூட்டல் பயிற்சி: ஒரு மதிப்புரை

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் திறந்தவெளியும், நாள் முழுவதும் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இந்த ஒருநாள் பயிற்சியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்; மாடிக்குடியிருப்பில் எரிவாயு அடுப்போடு வாழ்பவர்களுக்கு 3,500 ரூபாய்க் கட்டணம் வீண்செலவு. கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகும் சாலையில், கடலையொட்டிய தென்னந்தோப்பு ஒன்றில் பயிற்சி நடக்கிறது. கற்றுத்தருபவர் வளைகுடா நாட்டு உணவகச் சமையலறைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மாட்டின் நெஞ்சுக்கறியை விறகுப் புகையில் பல மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் அமெரிக்காவின் டெக்ஸாஸ் முறையை அப்படியே ஒப்பிக்காமல், நம் ஊரில் கிடைக்கும் கறிக்கும் விறகுக்கும் ஏற்றபடி அதை மாற்றிக் காட்டுவதுதான் இவருடைய தனிச்சிறப்பு.

பாடம் கறிக்கடையிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்கர்கள் பிரிஸ்கெட் என்று சொல்லும் பகுதி, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கும் மார்புத் தசை. மாட்டின் எடையைத் தாங்கி ஓயாமல் உழைப்பதால் அதில் இணைப்புத் திசு மிகுதி. அந்தத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெதுவான சூட்டில் பல மணி நேரம் இருந்தால்தான் ஜெலட்டினாக இளகும். நம் கடைகளில் இந்த நெஞ்சுப் பகுதியை எலும்போடு சேர்த்துக் குழம்புக்கு வெட்டிவிடுவார்கள் என்பதால், முதல்நாளே சொல்லிவைத்து, எலும்பை மட்டும் எடுத்து முழுத்துண்டாக வாங்க வேண்டும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் வயது முதிர்ந்த மாடு அல்லது எருமையின் கறி. தானியத் தீனியில் கொழுத்த அமெரிக்க மாடுகளின் தசைக்குள் ஓடும் கொழுப்பு இதில் இருக்காது. அதனால் மேற்கொழுப்பைக் கால் அங்குலக் கனத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தைச் சீவியெடுத்து, அந்தக் கொழுப்பையும் உருக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பிற்பாடு கறியைச் சுற்றும் தாளில் தடவ அது உதவுகிறது.

மசாலா விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். உப்பும் கரகரப்பாகப் பொடித்த மிளகும் மட்டுமே கறியில் படலாம் என்கிறார். ராமநாதபுரம் முண்டு மிளகாயைப் புளி, கருப்பட்டியோடு கொதிக்கவைத்துத் தொட்டுக்கொள்ளும் சாறாகத் தனியே தருகிறார். கருப்பட்டியைக் கறியிலேயே பூசினால் நீண்ட நேரச் சூட்டில் கருகிக் கசக்கக்கூடும் என்ற அவருடைய காரணம் எனக்குச் சரியாகவே பட்டது.

நெருப்பைப் பற்றிய பகுதிக்காகவே இன்னொரு முறை போகலாம். அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன நம் சீமைக் கருவேலம், டெக்ஸாஸில் கறி சுடப் பயன்படும் மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய உறவு. அது சூடாகவும் வேகமாகவும் எரியும். அதன் புகை காரமானது. நீண்ட நேரச் சமையலுக்கு மத்திய டெக்ஸாஸ்காரர்கள் ஓக் விறகை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓக்குக்கு நாம் எங்கே போவது? இவர் கரிமூட்டத்தில் வாங்கிய சீமைக் கருவேலங்கரியை அடித்தணலாகப் போட்டு, அதன்மேல் பட்டை உரித்து நன்றாகக் காய்ந்த கட்டையைச் சிறுதுண்டுகளாக, ஒவ்வொன்றாகத்தான் வைக்கிறார். புகையூட்டும் அடுப்பாகப் பயன்படும் பேரலைப் பற்றவைத்ததுமே ஓர் இளைஞர், "காக்கா (அண்ணன்), புகை நல்லா வருதே, கறிய ஏத்திரலாமா?" என்றார். "வெள்ளையா வந்தா வெறகு சரியாப் பிடிக்கலன்னு அர்த்தம் தம்பி, கறி கசந்துரும். லேசா நீலம் தட்டட்டும்" என்று பதில் வந்தது. சற்று நேரத்தில் கச்சான் காற்று நேராக அடுப்பின் வாய்க்குள் புகுந்து சூட்டை ஏற்றியபோது, அவர் பதறாமல் ஒரு தகரத்தைச் சாய்த்து மறைத்து, பேரலையே கொஞ்சம் திருப்பிவைத்து, 120 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்தார். கடற்கரையில் புகையூட்ட நினைப்பவருக்கு எந்தக் காணொளியிலும் கிடைக்காத பாடம் இது.

கறியின் உட்சூடு 70 டிகிரியை நெருங்கும்போது மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். கறியிலிருந்து ஆவியாகும் ஈரம், வியர்வை உடலைக் குளிர்விப்பதுபோல் அதைக் குளிர்விப்பதே காரணம். அப்போது விறகை அள்ளிப் போடாமல், உருக்கிய கொழுப்பைத் தடவிய தாளில் கறியைச் சுற்றி, ஏறத்தாழ 95 டிகிரி வரை விட வேண்டும். இதை அவர் அழகாக விளக்கினார்; ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் நாங்கள் யாரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பத்து மணி நேரத்துக்கும் மேலாகும் வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் அடக்க முடியாது என்பதால், முந்தைய இரவே ஏற்றிவைத்த இன்னொரு துண்டைத்தான் மதியம் அறுத்துப் பரிமாறினார்கள். அதையும் லுஹர் தொழுகைக்குப் பிந்திய சாப்பாட்டு அவசரத்தில் அரைமணி நேரம்கூட ஆறவிடவில்லை. குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும் என்று காலையில் சொன்னவரே கத்தியை வைத்ததும், சாறு பலகையில் ஓடியது.

நெஞ்சுக்கறித் துண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு தசைகளும் சுவையில் இரண்டு விதம். கொழுப்புள்ள தடித்த மேல்தசை அற்புதம்: பென்சில் கனத் துண்டை விரலில் தொங்கவிட்டால் வளைந்து நின்றது, மெல்ல இழுத்தால் பிரிந்தது. கொழுப்பில்லாத தட்டையான தசை வறண்டிருந்தது; மிளகாய்ச் சாறு இல்லாமல் அதை விழுங்கியிருக்க முடியாது. இரண்டிலும் நார் ஓடும் திசை வேறு என்பதால் இடையில் கறியைத் திருப்பி, நாருக்குக் குறுக்கே அறுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒவ்வொருவர் கையிலும் கத்தியைக் கொடுத்துச் செய்யவைத்தார்கள்.

நிழல், குடிநீர், கை கழுவும் வசதி எதிலும் குறையில்லை. வெப்பமானிகள் போதவில்லை; சொந்தமாக இருந்தால் எடுத்துச் செல்லலாம். காலையில் நாம் சீவி, உப்பு மிளகு தடவிய துண்டு மாலை ஏழு மணிக்கு மேல்தான் தயாராகும், அதை நம்மிடமே கொடுத்துவிடுவார்கள். மதுரைப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் அன்றிரவு கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ தங்க ஏற்பாடு செய்துகொண்டு வருவது நல்லது. ஐஸ்பெட்டியும் கையோடு இருக்கட்டும்.