சாலை விபத்து மரண வழக்கில் காவல்துறையின் புலன்விசாரணை: ஒரு பயனாளர் மதிப்பீடு

இருசக்கர வாகனத்தில் சென்ற எங்கள் உறவினர் ஒருவர் சரக்கு லாரி மோதி இறந்த வழக்கில், முதல் தகவல் அறிக்கையிலிருந்து இறுதி அறிக்கை வரை அவருடைய மனைவிக்குத் துணையாக நின்றவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் விபத்து வழக்கின் தாள்களைப் பெறும் வேலை முன்பைவிட எளிதாகிவிட்டது. அந்தத் தாள்களில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் இன்னும் கவலைக்குரியதாக இருக்கிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன் பயனைத் துயரத்தில் இருக்கும் குடும்பம்தான் நன்றாக உணரும். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் வழக்கு விவரங்களைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், முதல் தகவல் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, வாகனத்தின் பதிவு மற்றும் காப்பீட்டுத் தாள்கள் ஆகியவற்றை வீட்டிலிருந்தே பதிவிறக்கிக் கொள்ளலாம். எங்களுக்கு இந்தச் சேவை எந்தத் தடங்கலும் இல்லாமல் கிடைத்தது. நகல் ஒவ்வொன்றுக்கும் நிலைய எழுத்தரின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை போய்விட்டது என்பதே என் பார்வையில் பெரிய முன்னேற்றம்.

ஆனால், பதிவிறக்கிய வரைபடத்தைப் பார்த்தபோது நாங்கள் சோர்ந்துபோனோம். சாலையைக் குறிக்கும் இரண்டு கோடுகள், திசைக்குறி, மோதிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி ஆகியவற்றைத் தவிர அதில் ஏதும் இல்லை. சாலையின் அகலம், டயர் தேய்ந்த தடத்தின் நீளம், இரு வண்டிகளும் வந்து நின்ற இடம், அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா, வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை இருந்ததா என்பவற்றில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. சம்பவ இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பார்வை மகஜரும் எந்த விபத்துக்கும் பொருந்தக்கூடிய வாசகங்களாலேயே நிறைந்திருந்தது. போக்குவரத்தைச் சீர்செய்யும் அவசரத்தில் வண்டிகள் ஓரத்துக்கு இழுக்கப்பட்டுவிடும், மழையோ அடுத்த லாரியோ தடத்தை அழித்துவிடும், அருகிலுள்ள கடையின் கண்காணிப்புக் கேமரா பதிவும் சில நாள்களில் தானாகவே அழிந்துவிடும் என்பதால், முதல் சில மணி நேரத்தில் தவறவிட்டதைப் பின்னர் எந்த உயர் அதிகாரியாலும் மீட்டுத் தர முடியாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பைச் சட்டம் வைத்திருந்தும், ஓட்டுநரின் ரத்த மாதிரி தாமதமாக எடுக்கப்பட்டால் அந்த வரம்பால் பயன் ஏதும் இல்லை. ஒரே ஆய்வாளர் பல வழக்குகளைச் சுமக்கும் நிலைமை எனக்குத் தெரியும்; எங்கள் வழக்கை விசாரித்தவர் அன்பாகவே பேசினார். அன்பான பேச்சு அளவெடுத்த வரைபடத்துக்கு ஈடாகாது.

சாலையையே ஒரு காரணமாகக் கருதும் வழக்கம் விசாரணையில் இல்லாததும் பெரும் குறை. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உள்ள குறையால் மரணம் நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இடமளிக்கிறது. காவலர், மோட்டார் வாகன ஆய்வாளர், நெடுஞ்சாலைப் பொறியாளர், மருத்துவர் ஆகியோர் ஒரே செயலியில் விபத்து விவரங்களைப் பதிவுசெய்யும் முறையைச் சென்னை ஐஐடியே வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. கருவி நம் கையில் இருந்தும், முதல் தகவல் அறிக்கை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற பழைய வாசகத்தைத் தாண்டி நகர்வதில்லை.

குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் கடமையில் எங்களுக்குக் கிடைத்த சேவை மிகவும் தாழ்ந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாள்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான அறிக்கையையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தர வேண்டும். இவற்றுக்கிடையே, 10 நாள்களுக்குள் குடும்பத்தின் உரிமைகளை விளக்கும் 2-ஆம் படிவத்தையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. எங்களுக்கோ அந்தப் படிவம் வந்து சேரவேயில்லை. அப்படியொன்று உண்டு என்பதை ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக ஏற்கலாம் என்பதையும், தனியாக மனுச் செய்வதற்குச் சட்டம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இறந்தவர் மீதே தவறு என்று முடிவுகட்டி வழக்கை முடிக்கும் போக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும் ஓட்டுநரின் வாக்குமூலம் மட்டுமே கிடைக்கும் வழக்கில் அந்த ஆபத்து எப்போதும் உண்டு. அப்படி முடித்தால் புகார் கொடுத்தவருக்கு அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வர வேண்டும். அதை எதிர்த்து நீதித்துறை நடுவரிடம் ஆட்சேபணை மனு தாக்கல் செய்யலாம். காவல்துறையின் முடிவு தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும். எங்கள் வழக்கில் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அஜாக்கிரதையாக ஓட்டுதல்), 106(1) (கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்) பிரிவுகளில் ஓட்டுநர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் 2 ஆண்டாக இருந்த அதிகபட்சத் தண்டனை இப்போது 5 ஆண்டு. ஆனால், அளவுகளே இல்லாத அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு அரசு வழக்கறிஞர் எப்படி வாதாடுவார் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால், இணைய ஆவணச் சேவைக்கு நான்கும், சம்பவ இடத்துப் பதிவுக்கு ஒன்றரையும், குடும்பத்துக்குத் தகவல் சொல்வதற்கு ஒன்றும் தருவேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் நிலையத்துக்குச் செல்லும் முதல் நாளிலேயே 2-ஆம் படிவத்தை எழுத்துமூலம் கேட்க வேண்டும். கேமராப் பதிவைக் கைப்பற்றும்படி கோரும் மனுவைக் கொடுத்து அதற்கு ஒப்புகைச் சீட்டும் பெற வேண்டும். மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் தப்பியிருந்தாலும் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் வழங்கும் மத்திய அரசின் திட்டம் இருப்பதால், ‘வண்டி கிடைக்கவில்லை’ என்ற பதிலோடு யாரும் திரும்பிவிட வேண்டாம்.